மயில் கழுத்து காயவில்லை

புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவின் அலமாரியைத் திறந்தான் லீடர். உள்ளே இருந்த கையெழுத்துப் பத்திரிகையை எடுத்தான். அட்டையைப் புரட்டினான்.

அவன் கத்தவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற லீடர் வாயைத் திறக்காமல் நின்றதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"மிஸ், முதல் பக்கம் போச்சு" என்றான் மெதுவாக.

முப்பத்திரண்டு தலைகள் மேசையைச் சுற்றி மொய்த்தன.

ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய 'என் அப்பாவும் கிரேனும்' என்ற தலைப்பு மட்டும் தப்பியிருந்தது. அதற்குக் கீழே பதினெட்டு வரிகள். ஒவ்வொரு வரியும் பக்கவாட்டில் இழுபட்டு, ஈரத்துணியால் துடைத்த மாதிரி பசுமை கலந்த நீலமாகக் கிடந்தது. எதிரே, வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டையின் உட்பக்கத்திலும் அதே நிறம் படிந்திருந்தது.

இருப்பது ஒரே ஒரு பிரதி. இரண்டு வார உழைப்பு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது நூலகத்தில் வைக்கப்படும். பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள். மற்ற பக்கங்களை எல்லோரும் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார்கள். முதல் பக்கம் மட்டும் அழகாக இருக்கட்டும் என்று மை பேனாவில் எழுதச் சொல்லியிருந்தார் மிஸ்.

எழுதியவன் ஜன்னல் ஓரத்தில் உட்காருகிற பையன். இடது கையால் எழுதுவான். அதனால் அவனுக்கு 'லெஃப்டு' என்று பெயர். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையது. ஆனால் தினமும் சாயங்காலம் சுண்டு விரலிலிருந்து மணிக்கட்டு வரை கையில் மை அப்பியிருக்கும். எழுதிய எழுத்தின் மேலேயே கை நகர்ந்து போனால் வேறு என்ன ஆகும்?

"டேய் லெஃப்டு, அது கையா, டஸ்டரா?" என்றான் லீடர்.

சிலர் சிரித்தார்கள். லெஃப்டு இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"எழுதும்போது கை பட்டுதாப்பா?" என்று கேட்டார் மிஸ்.

"பட்டிருக்கும் மிஸ்."

"பேனா ஏதாவது தகராறு பண்ணுச்சா?"

"இல்ல மிஸ். அது நல்ல பேனா. என் கைதான்."

மூன்றாவது வரிசையில் நின்றிருந்த மைனாவுக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஏனென்றால் அது அவளுடைய பேனா.

*

'மைனா' என்பது வகுப்பு வைத்த பெயர். வாயைத் திறந்தாலே மை, நிப், பேனா என்று பேசுகிற பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவளிடம் மூன்று பேனாக்கள் இருந்தன. தடித்த நிப் வைத்தது 'கட்டையன்'. அதில் மை தாராளமாக இறங்கும். எழுத்து பட்டையாக, பளிச்சென்று விழும். மைனாவின் செல்லம். அடுத்தது 'நடுவன்', அவ்வளவு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மூன்றாவது 'ஊசி'. அதன் நிப் மெலிந்தது, விறைப்பானது. "கஞ்சன்" என்று அதைப் பெட்டியின் மூலையில் போட்டுவிட்டாள்.

மை புட்டிகளும் மூன்று. கத்தரிப்பூ நிறம் ஒன்று. கடைக்காரர் சும்மா கொடுத்த சாதா நீலம் ஒன்று. அதன் மூடியைக்கூட அவள் திறந்ததில்லை. மூன்றாவதுதான் ராஜா. மயில் கழுத்து. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலத்துக்கு மேலே செம்பு நிறம் மினுங்கும்.

வகுப்பில் யார் பேனா வாங்கினாலும் மைனாவிடம் காட்டாமல் வாங்கியதாகக் கணக்கில்லை. அதனால் மிஸ் "மை பேனாவில் எழுது" என்று லெஃப்டுவிடம் சொன்னதும், மைனா எழுந்து போய் அவன் முன்னால் கட்டையனை வைத்தாள்.

"இதுல எழுது. மயில் கழுத்து ரொப்பியிருக்கேன்."

"எனக்கு இது சரியா வருமா?"

"வராம? இருக்கிறதுலயே இதுதான் சூப்பர்."

தாளையும் அவள்தான் கொண்டுவந்தாள். அவள் அம்மா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். அங்கே வெட்டியது போக மிஞ்சிய தாள்களில், முகம் பார்க்கலாம் போல வழவழப்பாக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

நல்ல பேனா, நல்ல மை, நல்ல தாள். அப்படியானால் குற்றவாளி கைதான். மிஸ் அப்படித்தான் நினைத்தார். லீடர் நினைத்தான். மைனாவும் நினைத்தாள்.

"வேற வழியில்ல. லீடர், நாளைக்கும் நாளன்னிக்கும் உட்கார்ந்து நீ அந்தப் பக்கத்தை பால்பாயின்ட்ல எழுதிடு" என்றார் மிஸ். "கட்டுரை அவனோடதுதான். எழுத்து மட்டும் உன்னோடது. சரியா?"

"சரி மிஸ்" என்றான் லெஃப்டு, லீடர் பதில் சொல்வதற்குள்.

அவ்வளவு சீக்கிரம் அவன் சரி என்றது மைனாவுக்கு என்னவோ போல் இருந்தது.

*

மதியம் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவ மைனா குழாயடிக்குப் போனாள். அங்கே லெஃப்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சோப்புத் துண்டு கரைந்ததே தவிர மயில் கழுத்து அசையவில்லை.

"அது அவ்வளவு சீக்கிரம் போகாது. நல்ல மை" என்றாள் மைனா.

"தெரியுது."

"உங்க வீட்ல இருந்து யார் வராங்க வெள்ளிக்கிழமை?"

"அப்பா. ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்காரு. கிரேன்ல இருந்து இறங்கி வர்றதுக்கே இருபது நிமிஷம் ஆகும்." குழாயை இறுக்கமாக மூடினான். "முதல் பக்கம் நான் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இனிமே வர வேணாம்னு சொல்லணும்."

மைனா அவன் கையில் இருந்த மையையே பார்த்தாள்.

"கைக்கு அடியில பேப்பர்கூட வச்சேன்" என்றான் அவன். "ஒவ்வொரு வரிக்கும் தூக்கித் தூக்கி வச்சேன். முடிச்சப்ப நல்லாத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா நான் சரியா பார்த்திருக்க மாட்டேன். என் கை எப்பவுமே அப்படித்தான்."

அவன் போய்விட்டான். மைனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

கைக்கு அடியில் பேப்பர் இருந்தது. அப்படியானால் பதினெட்டு வரியும் எப்படிக் கலைந்தன?

டப்பாவைக் கழுவாமலே வகுப்புக்கு ஓடினாள்.

பத்திரிகை மிஸ்ஸின் மேசை மேல் கிடந்தது. மைனா முதலில் அட்டையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். மங்கலாக ஏதோ எழுத்துகள். படிக்க வரவில்லை. ஜாமெட்ரி பாக்ஸ் மூடியைத் துடைத்து, கண்ணாடி போல் அதன் அருகே பிடித்தாள்.

மூடிக்குள் நேராகத் தெரிந்தது: 'என் அப்பா வானத்தில் வேலை பார்க்கிறார்.' அதுதான் முதல் வரி.

மூடியைக் கீழே நகர்த்தினாள். கடைசி வரியும் தெரிந்தது. முதல் வரி எவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருந்ததோ, கடைசி வரியும் அவ்வளவே.

மைனா மெதுவாக உட்கார்ந்தாள். இது கை செய்த வேலை இல்லை. புத்தகத்தை மூடியபோது பக்கம் முழுவதும் ஈரமாக இருந்திருக்கிறது. அதன் மேல் பாரம் ஏற்றியதும் தாள் நகர்ந்து, எல்லா வரியும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது.

"லீடர், நேத்து இதை மூடி வச்சது யாரு?"

"நான்தான்." லீடர் உஷாரானான். "ஏன்? ஷெல்ஃப்ல திறந்து கிடந்துச்சு. மூடினேன். மேல கணக்கு நோட்டையெல்லாம் அடுக்கினேன். பூட்டினேன். அது தப்பா?"

"எத்தனை மணிக்கு?"

"பெல் அடிச்சப்புறம். நாலரை."

லெஃப்டு எழுதி முடித்தது மதிய இடைவேளையில். அவள் பேனாவைத் திரும்ப வாங்கும்போது மணி ஒன்றே கால்.

மூன்றேகால் மணி நேரம்.

"அது எப்படி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் மைனா. "என் மை அரை நிமிஷத்துல காஞ்சிடுமே."

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசை பரிசோதனைக்கூடம் ஆயிற்று.

ஒரு பக்கம் பள்ளி நோட்டுத்தாள். இன்னொரு பக்கம் மிஞ்சியிருந்த வழவழத் தாள். இரண்டிலும் கட்டையனால், மயில் கழுத்தில், கோடு கோடாகப் போட்டாள். அண்ணனைக் கடிகாரத்தோடு உட்கார வைத்தாள்.

"எனக்கு என்ன தருவ?" என்றான் அண்ணன்.

"நீ என் ஜாமெட்ரி காம்பஸை உடைச்சதை அம்மாகிட்ட சொல்லாம இருக்கேன்ல?"

"முப்பது செகண்ட் ஆச்சு" என்றான் அண்ணன் உடனே.

நோட்டுத்தாளில் கட்டைவிரலால் தேய்த்தாள். கோடு அசையவில்லை. வழவழத் தாளில் தேய்த்தாள். கோடு வால் முளைத்து ஓடியது.

ஐந்து நிமிடம். இன்னொரு கோடு. இன்னொரு வால்.

அரை மணி நேரம். வால்.

ஆறரைக்கு அம்மா வேலையிலிருந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள், மகளின் விரலைப் பார்த்தாள்.

"ஆர்ட் பேப்பர்ல இங்க் பேனாவா? அது மையைக் குடிக்காதே. மேலேயேதான் நிக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ எங்க எதுக்குன்னு சொன்ன? பளபளன்னு இருக்கிறது வேணும்னு கேட்ட. பளபளன்னு கொடுத்தேன்."

சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கழுவினார்கள். எட்டேகாலுக்கு, சரியாக மூன்றேகால் மணி நேரம் கழித்து, கடைசிக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தாள்.

நீளமான, அழகான, மினுங்குகிற வால்.

"என்ன, குற்றவாளியைக் கண்டுபிடிச்சாச்சா?" என்றான் அண்ணன்.

"கண்டுபிடிச்சாச்சு."

"யாரு?"

மைனா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவைத் தேர்ந்தெடுத்தது அவள். மையைத் தேர்ந்தெடுத்தது அவள். தாளைத் தேர்ந்தெடுத்ததும் அவள். லெஃப்டு தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. "எனக்கு இது சரியா வருமா?" என்று ஒரு கேள்வி கேட்டான். அதற்கும் அவள் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அவளுக்குத் தூக்கம் வருவதற்கு நேரமாயிற்று. காலையில் வயிற்று வலி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு தடவை யோசித்தாள். அப்புறம் குழாயடியில் கரைந்துபோன சோப்புத் துண்டு நினைவுக்கு வந்தது. எழுந்து, தேய்த்த தாள்கள் இரண்டையும் பைக்குள் வைத்தாள்.

*

வியாழக்கிழமை முதல் மணிக்கு முன்பே மைனா மிஸ்ஸின் மேசை அருகே நின்றாள்.

"மிஸ், முதல் பக்கத்தைக் கெடுத்தது நான்தான்."

லீடர் பேனா மூடியைக் கழற்றியபடி அப்படியே நின்றான். புதுப் பக்கத்தில் அவன் தலைப்பை மட்டும் எழுதியிருந்தான்.

மைனா எல்லாவற்றையும் சொன்னாள். தாள்களைக் காட்டினாள். மிஸ் நம்பிக்கை இல்லாமல் வழவழத் தாளில் ஒரு கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். அது முந்தின நாள் போட்ட கோடு. மிஸ்ஸின் விரல் மயில் கழுத்து ஆயிற்று.

"அடக் கடவுளே, இது அடுத்த வருஷமாவது காயுமா?" என்றார் மிஸ், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே.

"அப்ப நான் மூடினதாலயும் இல்லல்ல?" என்றான் லீடர். முந்தின நாளிலிருந்தே அது அவனை அரித்திருக்க வேண்டும். "நான் தூங்கவே இல்ல மிஸ்."

"உன்னாலயும் இல்ல. அவன் கையாலயும் இல்ல" என்றாள் மைனா.

மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "கேட்டியாப்பா? அப்ப நீயே எழுதிடு."

லெஃப்டு தலையை ஆட்டினான். "வேணாம் மிஸ். லீடரே எழுதட்டும்."

"ஏன்?"

"இந்த மை இல்லன்னா வேற மை. எப்படியும் என் கை பட்டுடும்."

மிஸ் மைனாவைப் பார்த்தார். மைனா லெஃப்டுவைப் பார்த்தாள். குற்றவாளி பிடிபட்டாயிற்று. ஆனால் கையின் மேல் இருந்த பழி அப்படியே இருந்தது. அது நேற்று வந்த பழி இல்லை, பல வருஷத்துப் பழி.

"மிஸ், மதியம் வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் அவள்.

*

மதிய இடைவேளையில் அவள் லெஃப்டுவின் பெஞ்சில், அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். மூன்று பேனாக்கள், மூன்று புட்டிகள், அம்மா காலையில் அனுப்பிய நாலைந்து தினுசு வெற்றுத் தாள்கள்.

"எதுல எழுதணும்?" என்றான் லெஃப்டு சலிப்பாக.

எப்போதும் மைனாவிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். இந்த முறை அவள் சொல்லவில்லை.

"தெரியல. முதல்ல சும்மா எழுது. நான் பார்க்கறேன்."

"என்ன எழுத?"

"'லீடர் ஒரு லொடலொட'ன்னு எழுது."

லெஃப்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினான். மைனா எழுத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒரே வகுப்பில் ஐந்து வருஷமாக இருக்கிறாள். அவன் எழுதுவதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அவள் கை பேனாவை இழுத்துக்கொண்டு போகும். அவன் கை பேனாவைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவள் எழுதினால் எழுத்து கைக்குப் பின்னால் நிம்மதியாகக் காயும். அவன் எழுதினால் நாலைந்து எழுத்து முடிவதற்குள் கை அதன் மேல் வந்துவிடும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினாள் மைனா. "உனக்கு நாலு எண்ணுறதுக்குள்ள காயணும். அவ்வளவுதான் விஷயம்."

"நாலுலயா?"

"மை நிறைய இறங்கினா காயாது. கட்டையன் அவுட்." தன் செல்லப் பேனாவை அவளே மூடி ஓரமாக வைத்தாள். கொஞ்சம் வலித்தது.

நடுவனில் கத்தரிப்பூ நிறத்தை ரொப்பினார்கள். ஏழு எண்ண வேண்டியிருந்தது. சாதா நீலம் ஐந்து. தாளை மாற்றினார்கள். அம்மா அனுப்பியதில் மங்கலான, கொஞ்சம் சொரசொரப்பான ஒன்று இருந்தது. அழகில்லை என்று மைனா ஒதுக்கியிருந்த தாள். அது மையை 'சொர்' என்று உறிஞ்சியது.

கடைசியில் ஊசி. மூலையில் கிடந்த கஞ்சன். அதில் சாதா நீலத்தை ரொப்பிக் கொடுத்தாள்.

லெஃப்டு ஒரு வரி எழுதினான். கை நகர்ந்தது. எழுதிய எழுத்துகள் மேலே ஏறிப் போயிற்று. இறங்கியது.

ஒரு எழுத்தும் அசையவில்லை.

இன்னொரு வரி. இன்னும் ஒன்று. அவன் வேகம் கூடியது. கட்டையனில் தள்ளும்போது தடுக்கிய இடங்களில் எல்லாம் ஊசி விறைப்பாக, நேராகப் போயிற்று.

"கொஞ்சம் கீறுது" என்றான்.

"தாளைச் சாய்ச்சு வச்சுப் பாரு. இல்ல, உனக்கு எப்படித் தோணுதோ அப்படி."

அவன் தாளைத் தன் வசதிக்கு வலது பக்கமாகத் திருப்பினான். கீறல் நின்றது.

"கண்ணை மூடிக்கோ" என்றாள் மைனா. மூன்று பேனாக்களையும் கலைத்து, ஒவ்வொன்றாக அவன் விரலில் கொடுத்தாள். "எது வேணும்?"

மூன்றிலும் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"இது. இதுதான் சொன்ன பேச்சு கேக்குது."

ஊசி.

அப்போது பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "யாருடா லொடலொட?" என்றான் லீடர்.

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூலகம் நிறைந்திருந்தது. மூன்று இருபதுக்கு மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு உயரமான மனிதர் உள்ளே வந்தார். நேராக மேசைக்குப் போனார்.

முதல் பக்கத்தில் மினுக்கம் எதுவும் இல்லை. சாதாத் தாள், சாதா நீலம், மெல்லிய எழுத்து. பதினெட்டு வரிகள், கம்பி இழுத்தது போல. அவர் உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். 'மேலே இருந்து பார்த்தால் எங்கள் பள்ளி தீப்பெட்டி மாதிரி இருக்கும் என்று அப்பா சொன்னார்' என்ற இடம் வந்ததும் திரும்ப ஒரு தடவை படித்தார்.

பிறகு மகனின் இடது கையை எடுத்தார். சுண்டு விரல் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"என்னடா, கை சுத்தமா இருக்கு? இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலையா?"

லெஃப்டு அடக்க முடியாமல் சிரித்தான். கையை அவன் பாக்கெட்டுக்குள் விடவில்லை.

"அப்பா, இவதான் மைனா. பேனா இவளோடது."

அவர் அவளுக்குக் கை நீட்டினார். மைனா தயங்கினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் நீட்டினாள்.

அவர் அவள் கட்டைவிரலைப் பார்த்தார். நீலம், பச்சை, நடுவில் கொஞ்சம் செம்பு மினுக்கம்.

"ஓ, அது இங்க குடி வந்துடுச்சா" என்றார்.